சவரிமுத்துவின் ஆக்சிஜன் பில்

முதியோர் இல்ல மேலாளர் தெய்வநாயகம் கட்டில் எண்ணைப் பார்த்துத்தான் பில் போடுவார்; அதில் படுத்திருப்பது யாரென்று பார்க்கமாட்டார். சவரிமுத்து ஃபேன் காற்றுக்காகக் கட்டில் மாறிய நாளிலிருந்து, அவருடைய பழைய கட்டிலுக்கு வந்தவர் இழுத்த ஆக்சிஜனெல்லாம் இவர் பேரில் ஏறியது. பரோட்டா தின்றுவிட்டுப் பீடி கேட்கிற மனிதருக்கு ஆக்சிஜன் பில்! மகன் அருளப்பன் மாதாமாதம் நேரில் வந்து, கத்தித் தீர்த்துவிட்டுத்தான் பணம் கட்டினான்.

இன்று இல்லத்தின் முதலாளி இந்தத் தப்பைக் கண்டுபிடித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் பெரியவர் கையில் கூடுதலாக வாங்கிய பணம் போய்ச் சேராவிட்டால் தெய்வநாயகத்துக்கு வேலை இல்லை.

தெய்வநாயகம் பணக் கவரை நீட்டினார். சவரிமுத்து இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"தப்பு என்னுதுதான்யா. மூளையக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வேலைக்கு வர்ற ஆளு நான். வாங்கிக்கங்க."

சவரிமுத்து போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"கொறையுதா? எண்ணிப் பாருங்க."

கிழவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே முதலாளியின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தெய்வநாயகம் கட்டிலின் கால்மாட்டுக்கு ஓடினார்.

"கால்ல வேணா விழறேன். ஏன் வேணாங்கிறீங்க, அதையாவது சொல்லித் தொலைங்களேன்!"

"சண்டை போடத்தான்யா எம்மவன் மாசாமாசம் வர்றான்," என்றார் சவரிமுத்து. "பில்லு சரியா இருந்தா, போன்லயே கட்டிட்டு வீட்டுலயே இருந்துக்குவான்."