எந்த உயரத்தில்?

ஆஸ்திரேலியாவின் டூவும்பா ஊர் பெயின்ட் கடையில், விற்பனையாளர் மோரீன் இரண்டு நிற அட்டைகளை நீட்டினாள். "இது ஓட்ஸ் நிறம், இது மணல் நிறம். என் வீட்டுக்காரருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

பெயின்ட் வாங்க வந்த கர்ஸ்டி சிரிக்கவில்லை. "வாடகை வீடு. நாளைக்கு ஏஜென்ட் பாக்க வர்றார். சுவத்துல பூசின ஓட்டை தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

"போன மாசமும் ஒரு ஓட்டையா, கண்ணு?"

"மேஜையை நகத்தும்போது இடிச்சிடுச்சு."

"உயரத்துக்குத் தக்கபடி வெளிச்சம் மாறும். போன தடவை உன் முகத்துக்கு நேரான்னு சொன்னே. இப்போ?"

கர்ஸ்டி கையைத் தாழ்த்திக் காட்டினாள். அது, கடைச் சுவரில் சாய்ந்திருந்த ஐந்து வயது மகளின் தலைக்கு நேராக நின்றது.

வெளியே காரில் சிறுமியின் அப்பா ஹாரன் அடித்தார். அவள் சட்டென்று சுவரை விட்டு விலகினாள்.