ஆமை புகுந்த பள்ளிக்கூடம்

குரங்குக் குட்டிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கிளைக்குக் கிளை தாவுவதுதான் பாடம். அதற்கெதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். இருந்தது.

விழுந்த குட்டியின் வாலைத் தலைமையாசிரியர் வெடுக்கென்று இழுப்பார். மறுநாள் அது ஒழுங்காகத் தாவும். "வாலை இழுத்தால்தான் வால்தனம் அடங்கும்" என்பார்.

ஒரு குட்டிக்கு வால் வீங்கிவிட்டது. "இனிமேல் பள்ளிக்கூடமே வேண்டாம்" என்று மரத்தடியில் அழுதது. அதைப் பார்த்த ஆமை நேராக உள்ளே போனது.

"ஐயா, இழுக்காமல் விட்டால் என்ன ஆகும்?"

"கெட்டுப்போகும்."

"விட்டுப் பார்த்தீர்களா?"

"ஆமை புகுந்த வீடே உருப்படாது. இங்கே உனக்கென்ன வேலை?"

"புகுந்தாயிற்று. விழுகிறவர்களில் கண்ணை மூடிக்கொண்டு பாதிப் பேரைத் தொடுங்கள். அவர்களை மட்டும் இழுங்கள். மீதிப் பேரை விடுங்கள். அவர்களும் மறுநாள் ஒழுங்காகத் தாவுவார்கள். நான் சொன்னது தப்பானால் என்னைத் துரத்துங்கள்."

துரத்துகிற ஆசையில் அவர் ஒப்புக்கொண்டார். மழைக்காலம் முழுக்கப் பார்த்தார். இழுபட்ட குட்டிகளும் மறுநாள் தாவின. இழுபடாத குட்டிகளும் அதே அளவு தாவின.

தலைமையாசிரியர் தன் வாலைத் தடவிக்கொண்டார்.

"அப்போ, என் வாத்தியார் என்னை இழுத்ததெல்லாம்?"

"வலித்திருக்கும். அவ்வளவுதான்."

வீங்கிய வால் வற்றியதும் அந்தக் குட்டி பள்ளிக்குத் திரும்பியது. அன்று தலைமையாசிரியரே ஆமையைத் தேடிப் போனார். கனிந்த அத்திப்பழம் ஒன்றை முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

"சுறுசுறுப்பு வருமென்று காலையில் பிள்ளைகளைப் பச்சைத்தண்ணீரில் முக்குகிறோம். அதையும் பார்த்துவிடலாம். உள்ளே வாங்க, ஆமையாரே."