அழித்த படம்

"நடுவுல ஒரு படம் எங்கப்பா?"

மாணிக்கவேல் சார் இதோடு மூன்றாவது தடவை கேட்டுவிட்டார். ஜோசுவா முன் பெஞ்சை ஒட்டித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

கடைசி வருட விஸ்காம் வகுப்பு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெஞ்சில் ஏஞ்சல் இருந்தாள். ஜோசுவாவும் அவளும் முசரவாக்கத்தில் ஒரே தெரு. தினமும் ஒரே பஸ்ஸில் ஏனாத்தூர் கல்லூரிக்கு வந்து போகிறவர்கள்.

காஞ்சிபுரம் கருட சேவையைப் படம் எடுத்து வருவதுதான் கடைசி புராஜெக்ட். மெமரி கார்டை அப்படியே கொடுத்துவிட வேண்டும், ஒரு படத்தைக்கூட அழிக்கக் கூடாது என்பது சார் போட்ட சட்டம். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வரிசையாக எண் போட்டுக்கொண்டே போகும். நடுவில் ஓர் எண் விட்டுப்போனால் அங்கே ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஜோடித்து எடுத்த படம் என்றால் சாருக்கு ஆகவே ஆகாது. பூ உதிர்ந்தால் எடு, உதிர்த்துவிட்டு எடுக்காதே என்று முதல் வகுப்பிலிருந்து சொல்லி வருகிறார். போன வருடம் சந்தோஷ்குமார் என்ற சீனியர், அர்ச்சகரிடம் கற்பூரத்தை இன்னொரு தரம் காட்டச் சொல்லிப் படம் எடுத்திருக்கிறான். விஷயம் தெரிந்ததும் தயவு தாட்சண்யமில்லாமல் பூஜ்யம் போட்டுவிட்டார்.

"யாரையோ நடிக்க வெச்சு எடுத்திருக்க. மாட்டிக்குவோம்னு அழிச்சிருக்க. அதானே?"

"இல்ல சார்."

"அப்போ அதுல என்ன இருந்தது?"



ஏஞ்சலுக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்று வந்தது. இந்த புராஜெக்டில் முதலாவதாக வருகிறவரைச் சென்னைப் பத்திரிகை ஒன்று போட்டோகிராபர் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. பயிற்சியை ஒழுங்காக முடித்தால் அங்கேயே வேலை. அது ஜோசுவாவுக்குத்தான் என்று நேற்றுவரை சாரே சொல்லிக்கொண்டிருந்தார். அவன் அப்பா தேவசகாயம், தெருவில் ஒரு வீடு பாக்கி வைக்காமல் சொல்லி முடித்துவிட்டார். இப்போது ஒரே ஒரு படத்துக்காக எல்லாம் போகப் போகிறது, இந்தப் பயல் கல்லு மாதிரி நிற்கிறான்.

கோயில் குளத்துப் பக்கம் போனானே, குளித்துக்கொண்டிருந்த பெண்கள் யாரையாவது எடுத்திருப்பான் என்று பின்பெஞ்சில் ஒரு குரல் கிசுகிசுத்தது. யாரோ சிரித்தார்கள். ஏஞ்சலுக்குக் காது சுட்டது. அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று எழுந்து சொல்லத்தான் நினைத்தாள். பிறகு எதற்கு அழித்தான் என்று திருப்பிக் கேட்பார்களே.

அவன் பக்கமாகச் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்டா. இப்படி நின்னுக்கினு இருந்தா எல்லாரும் தப்பாத்தான் நினைப்பாங்க."

"நினைச்சிக்கினு போவட்டும். நீ கம்முனு இரு."

பிறகு சாரைப் பார்த்து, தனக்குப் பூஜ்யமே போட்டுவிடும்படி சொன்னான். 

அதுதான் சாருக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. தப்பும் செய்துவிட்டுப் பெரிய தியாகி மாதிரி நிற்கிறான் பார் என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார். அழித்துவிட்டால் போய்விட்டது என்று நினைப்பா, கார்டில் அதற்குமேல் வேறு படம் பதியாதவரை அது எங்கேயும் போய்விடாது என்றார்.

"ஏஞ்சல், நீ வாம்மா. அழிச்சதை மீட்கிற சாஃப்ட்வேர் இருக்குதே, அதைப் போடு. புரொஜெக்டரையும் ஆன் பண்ணு."

வகுப்பிலேயே அந்த மாதிரி வேலை தெரிந்தவள் அவள்தான். ஏன்டா கற்றுக்கொண்டோம் என்று இருந்தது. கார்டை வாங்கி லேப்டாப்பில் செருகினாள்.

ஜோசுவா அப்போதுதான் நிமிர்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"வேணாம் ஏஞ்சல்."

பூஜ்யத்துக்குப் பயப்படாதவன் இதற்குப் பயப்படுகிறான். அவளுக்குப் பகீரென்றது. ஒருவேளை பின்பெஞ்சில் சொன்னது நிஜமாகவே இருந்துவிட்டால்? நாளையிலிருந்து அவனோடு எப்படி ஒரே பஸ்ஸில் வருவது?

"சார், தனியா ஒரு தரம் அவன்கிட்ட கேட்டுப் பாருங்களேன். இத்தனை பேர் முன்னாடி வேணாமே."

"தனியா எதுக்கு? படம் புடிக்கறவனுக்கு மறைக்கிற உரிமையே கிடையாது. எல்லாரும் பார்க்கட்டும். போடு நீ."

போட்டாள். நீலக் கோடு ஊர்ந்து ஊர்ந்து கடைசிவரை போனது. ஒரே ஒரு படம் கிடைத்திருப்பதாகக் காட்டியது. ஜோசுவா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஏஞ்சல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு படத்தைத் திறந்தாள்.

சிரிப்புச் சத்தமும் வரவில்லை, திட்டும் சத்தமும் வரவில்லை. ஒரு சத்தமும் வராததால் அவள் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள்.

கங்கைகொண்டான் மண்டபத்துக்குப் பக்கத்துத் தெரு. பெருமாள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை, தெரு வெறிச்சென்று கிடந்தது. ஓரமாக ஒரு பூக்காரம்மா, சாமியைக் கண்டு உருகிப்போனவள் மாதிரி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் எதிரே கழுத்தில் கேமராவோடு குந்தியிருந்து, பாட்டில் மூடியிலிருந்த தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டு அவள் கன்னத்தில் கண்ணீர்த் துளி வைத்துக்கொண்டிருந்தவர், மாணிக்கவேல் சார்.