அம்மா ஜாடை

கோடையில் காய்ந்து சாய்ந்த காட்டுச் சூரியகாந்தி, மழை விழுந்ததும் அதே வேரிலிருந்து துளிர்த்துப் பூத்தது. வேலிக்கு வந்த ஓணான் திகைத்துப் போனது. வயலில் விதைக்கிற சூரியகாந்தி மாதிரி இதுவும் ஒரு போகத்தோடு செத்துவிட்டதாகத்தான் ஓணான் நினைத்திருந்தது.

"அப்படியே அம்மா ஜாடை! அதே சின்ன முகம், அதே சொரசொரப்பான இலை. மகராசி, அவ இலைக்கடியில ஒளிஞ்சுதான் பருந்துகிட்ட இருந்து தப்பிச்சேன் பாப்பா!" என்று தலையை ஆட்டி ஆட்டி அழுதது.

'அட மண்டு, அவதான்டா நான்!' என்று சொல்லச் செடிக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் போன வருஷம் பூரா பக்கத்திலேயே கிடந்த ஓணான், ஒருநாள்கூட இப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

செடி மெல்ல ஓணான் பக்கம் சாய்ந்தது.

"அம்மா வேற எப்படியெல்லாம் இருந்தாங்க மாமா?"