நான்கு நிமிடம் மூத்தவள்

“திங்கட்கிழமை ஹாஸ்டல்ல சேர்க்கிறோம் டாக்டர். பெட்டிகூடக் கட்டியாச்சு” என்றார் அப்பா.

அருகில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணை வீட்டை விட்டு அனுப்புவதா? அதுவும் இரட்டையரில் ஒருத்தியை மட்டும்?

பெரியவள் நான்கு நிமிடம் மூத்தவள். அந்த நான்கு நிமிடத்துக்குள்ளேயே ஊர் வம்பையெல்லாம் விலைக்கு வாங்கிவிட்டாள் என்பார் அப்பா. பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையில் பல் தடம், பள்ளி வேனில் கிழிந்த இருக்கை, படிக்கட்டில் சுக்குநூறாகிக் கிடந்த டீச்சரின் மூக்குக்கண்ணாடி. யார் என்று கேட்டு முடிப்பதற்குள் “நான்தான்” என்று வந்து நிற்பாள். அழவும் மாட்டாள், மன்னிப்பும் கேட்க மாட்டாள். அந்தத் திமிருக்காகவே இரண்டு அடி சேர்த்து விழும். சின்னவளுக்கும் அதே முகம்தான். ஆனால் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள். யாராவது குரலை உயர்த்தினாலே சுருண்டுவிடுவாள்.

மூளையைப் படம் எடுக்கச் சொன்னது டாக்டர்தான். ஒப்பிட்டுப் பார்க்கச் சின்னவளுக்கும் எடுக்க வேண்டும் என்றபோது, அவளுக்கு எதற்கு என்று அப்பா முணுமுணுத்தார்.

டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் மாட்டினார். ஒன்றில் முன்பக்கத்தைச் சுட்டிக்காட்டி, பிறவியிலேயே அங்கே வளர்ச்சி சரியில்லை என்றார்.

“இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கோபத்துக்கு பிரேக் போடற இடம் இது. இங்க குறை இருந்தா, யோசிக்கிறதுக்குள்ள கை நீண்டுடும். செஞ்சதுக்கப்புறம்தான் பயமே வரும். உங்க வளர்ப்புல குத்தம் இல்லம்மா. பயிற்சி கொடுத்தா நல்லாவே மாறலாம்.”

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடித்த அடியெல்லாம் நினைவுக்கு வந்தது.

“அப்போ என் பெரியவ மேல தப்பே இல்லையா டாக்டர்?”

“பெரியவ மூளையில எந்தக் குறையும் இல்லம்மா. இது சின்னவளோட படம்.”

படம் மாறியிருக்கும் என்றார் அப்பா. இரண்டு முறை சரிபார்த்துவிட்டதாகச் சொன்னார் டாக்டர்.

அம்மா எழுந்து வெளியே வந்தாள். பெஞ்சில், தங்கையைத் தோளில் சாய்த்துத் தூங்கவைத்திருந்த பெரியவள், அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு மெல்லச் சொன்னாள்.

“அவளை அடிக்காதம்மா, பண்ணிட்டு அவளே நடுங்கிப் போயிடுவா. ஹாஸ்டலுக்கு நானே போறேன்.”