கெட்டி ஆயில்

மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடி, கொடி போய்க் கொடிக்கம்பி மட்டும் மிஞ்சியிருந்த தன் காருக்கு, முன்னாள் சேர்மன் தணிகாசலம் வெளிநாட்டு ஆயில்தான் வேண்டுமென்றார். “தேஞ்ச இஞ்சின் தலைவரே, கெட்டி ஆயில்தான் கேக்கும்” என்று மெக்கானிக் காசிம் அதில் கெட்டியானதாகவே ஊற்றினார். கடகடப்பு அடங்கியது. அப்போதுதான் பின்சீட்டில் சேர்மனின் மனைவியின் குரல் கேட்டது: “ஏங்க, ஆஸ்பத்திரி வந்துருச்சா?”

அவள் இறந்து ஏழு வருஷம். அன்று அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும் வழியில் மூன்று இடங்களில் இறங்கி, கட்சிக்காரர்கள் போட்ட சால்வையை ஏற்றுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையே பட்டறைக்கு வந்தார்.

“தண்ணியா ஒரு ஆயில் ஊத்துப்பா. பழைய சத்தம் வரணும்.”

“இஞ்சின் போயிரும் தலைவரே.”

“போகட்டும்.”

“சரி, வண்டியை ஆஃப் பண்ணுங்க.”

சேர்மன் சாவியைத் தொடவில்லை.

“வண்டி நின்னா, இப்ப யாரு சால்வை போடறாங்கன்னு கேக்கறாப்பா.”