முளைவிட்ட கருணை

“வெளிக்குப் போற எடத்துல ரத்தம் வருதுங்க” என்று வச்சலா முதன்முதலில் சொன்னபோது தணிகாசலம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மூலந்தான். உனக்குச் சூட்டு உடம்பு” என்றவர், அன்று மாலையே பிடிகருணைக் கிழங்கு வாங்கிவந்தார். மனைவியின் அந்த இடத்தை ஓர் ஆண் டாக்டரிடம் காட்டுவதைவிட அது சுலபமாக இருந்தது. தீரத்தீர வாங்கிப்போட்டார். நாக்கு அரிக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவளும் ஒன்றரை வருஷம் தின்றாள்.

“ஆசனவாய்ல புத்துநோய். முன்னாடியே வந்திருந்தா சின்னதா இருந்திருக்கும். ஆபரேஷன் வேணாம், மருந்தும் கரண்டும் சேத்துக் குடுத்துப் பாப்போம்” என்றார் டாக்டர். அவர் ஒரு பெண்.

கையில் மருந்து ஏறியது. கரண்டு என்று சொன்ன கதிர்வீச்சு வைத்த இடம் வெந்து தோல் உரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தாலும் வச்சலா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். காலி இருக்கைக்குப் பக்கத்தில் அவரும் நின்றார்.

இன்று வீட்டுக்கு வந்ததும், சமையலறை மூலையில் மிஞ்சிக்கிடந்த கிழங்கு முளைவிட்டிருப்பதைப் பார்த்தார். எறிவதற்காகக் கொல்லைக்கு எடுத்துப்போனார்.

“எறியாதீங்க. முளைச்சிருக்கே, நட்டு வையுங்க” என்றாள் அவள், கதவில் சாய்ந்தபடி.

குனிந்து குழி தோண்டினார்.

“எத்தன மாசத்துல எடுக்கலாங்க?”

அவருக்குத் தெரியும். மூடிய மண்ணையே அழுத்திக்கொண்டிருந்தார். இந்த முறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.